நீல மீனில் பச்சை

குணசேகரன் சார், நான் வந்தது ஒரு புகார் கொடுக்க. நீங்கள் ரயில்வே காலனியில் வளர்ந்த தமிழர் என்று வாசல் கான்ஸ்டபிள் சொன்னார், நல்லதாகப் போயிற்று. மீன் விஷயத்தைத் தெலுங்கில் விளக்க எனக்கு வராது.

என் பெயர் தேவசகாயம். பேகம்பேட்டில் சாஃப்ட்வேர் வேலை. வீட்டில் மெக்சிகோ சிக்லிட் வளர்க்கிறேன். ஒரே ஜாதி மீன்தான். ஆனால் அங்கே ஆற்றுக்கு ஆறு நிறம் வேறு. என்னிடம் இருப்பது நீலம். இன்னொரு ஆற்றில் பச்சை. இரண்டும் கலந்துவிட்டால் என் ஆறு போச்சு. ஒரு குஞ்சு லேசாகப் பச்சையடித்தாலும் கழித்துவிடுவேன். ஐஸ் தண்ணீரில் போட்டால் சத்தமில்லாமல் முடியும்.

கரண்ட் போய் மொத்தமும் செத்தாலும் வம்சம் மிஞ்சட்டும் என்று மீன் வளர்க்கிற எங்களுக்குள் ஒரு வழக்கம்: நம்பிக்கையான ஒருவனிடம் ஆறு குஞ்சு கொடுத்து வைப்போம். நான் சைனிக்புரி ஷ்யாமிடம் கொடுத்தேன். அவனிடம் பச்சையும் இருந்தது, தனித் தொட்டியில்.

ஒரு வருஷம் கழித்துப் போய்ப் பார்த்தால் என் நீலம் பச்சையாக நீந்துகிறது.

"கலந்துட்டியா?"

"சத்தியமா இல்லண்ணே. உங்க வீட்ல மஞ்சீரா ஆத்துக் குழாய்த் தண்ணி, இங்க போர் தண்ணி. அதான் நிறம் மாறுது. விட்டா மீனுக்கு ரேஷன் கார்டு கேப்பீங்க போல." சிரித்தான். "ஞாயித்துக்கிழமை மீன் கிளப்புல எல்லாருக்கும் குஞ்சு தரேன். உங்க பேரைச் சொல்லித்தான்."

என் பேரைச் சொல்லி. ஊர் முழுக்க.

சனிக்கிழமை போனேன். ஜனவரிக் குளிர், தொட்டியில் ஹீட்டர் ஓடிக்கொண்டிருந்தது. அவன் காபி சொல்ல உள்ளே போனதும் அதை எடுத்துவிட்டு, விரிசல் விட்ட என் பழைய ஹீட்டரை மாட்டினேன். சுவிட்சை அணைக்காமல் தண்ணீரில் கை விடுவான் அவன். எத்தனையோ முறை கண்டித்திருக்கிறேன்.

"ஷ்யாம், அந்த ஓட்டுக்குப் பின்னால முட்டை இருக்கா பாரு."

ஆசையாகக் கையை விட்டான்.

காபியோடு வந்த அவன் மனைவி அனுபமா அலறினாள். ஓடிப்போய் மெயினை அணைத்தது நான்தான். "அண்ணா இல்லேன்னா நானும் தொட்டிருப்பேன்" என்று இன்றைக்கும் சொல்கிறாள். விபத்து என்று எழுதி முடித்துவிட்டார்கள்.

அது போகட்டும். புகாருக்கு வருகிறேன். இந்த மே மாதம் எங்கள் தெருக் குழாய் வறண்டு, லாரியில் வரும் போர் தண்ணீரைத்தான் தொட்டிக்கும் ஊற்றுகிறோம். மூன்றே வாரம். என் வீட்டில் நீலமாகவே வளர்ந்த அதே மீன்கள், இப்போது பச்சை.

சாவதற்கு முன் ஷ்யாம் என் தொட்டியில் ஏதோ செய்திருக்கிறான். அவன் மேல் கேஸ் போடுங்கள், சார்.