புதுப் பைபிளுக்குச் சொந்தக்காரர்

பின் வரிசையில ரெண்டு பேர் கைக்கடிகாரத்தைப் பாக்குறது இங்கிருந்தே தெரியுது. பரவாயில்ல... சின்னதா ஒரு கதை சொல்றேன், கேளுங்க. ரெண்டு பைபிள், மூணு வாரம். அவ்வளவுதான் கதை.

நான் முன்னாடி ஊழியம் செஞ்ச ஒரு சபை. நூற்றாண்டு விழாவுக்கு எல்லாக் குடும்பத்துக்கும் ஒரே மாதிரி பைபிள் உறை தச்சுக் கொடுத்தாங்க. கறுப்பு நிறம், ஜிப்பு, மேல தங்க எழுத்துல சபை பேரு. பெஞ்சுல வரிசையா வச்சா எது யாரோடதுன்னு தெரியாது. பாக்க ரொம்ப அழகா இருக்கும். வம்பே அங்கதான் ஆரம்பிச்சுது.

அந்தச் சபையில ஜெபக்கனின்னு ஒரு அக்கா. அவங்க வீட்டுக்காரர் எட்வின் சார், பள்ளிக்கூடத்து வாத்தியார். தினமும் காலையில வேதம் வாசிப்பார். வாசிச்ச இடத்துக்குப் பக்கத்துல தேதி போட்டு, பென்சில்ல ஒரு வரி எழுதுவார். 'இன்னைக்கு மருமகன்கிட்ட கோபப்பட்டேன். இந்த வசனம் என்னை விடல.' இப்படி... ஒரே ஒரு வரி.

இது நடக்கிறதுக்கு முந்தின வருஷம்தான் அவர் தவறிப்போயிருந்தார். அக்கா என்ன செஞ்சாங்க தெரியுமா? அவரோட பைபிளையே எடுத்து, நேத்து விட்ட இடத்துல இருந்து அடுத்த பென்சில் வரி வரைக்கும் வாசிப்பாங்க. அதை வச்சு ஜெபம் பண்ணுவாங்க. அப்புறம்தான் அடுப்பு பத்த வைப்பாங்க. முன்கூட்டி ஒரு பக்கம் புரட்ட மாட்டாங்க. கேட்டா, "நாளைக்குள்ளது நாளைக்கு, ஐயா" அப்படிம்பாங்க.

ஒரு திங்கக்கிழமை. காலையில ஆறு மணி. அக்கா என் வீட்டு வாசல்ல நிக்கிறாங்க.

"ஐயா, நேத்து கோயில்ல என் பைபிள் மாறிப்போச்சு. இது என்னோடது இல்ல."

வாங்கிப் பாத்தேன். பேரு இல்ல. ஒரு கோடு இல்ல. தாள் ஓரத்துல சிவப்புச் சாயம் அப்படியே இருக்கு. ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு, பிரிச்சா சரசரன்னு சத்தம்.

"புத்தம் புதுசு ஐயா. புதுசா வாங்கினவங்க யாரோதான் மாத்தி எடுத்துட்டாங்க."

நானும் ஆமான்னு தலையாட்டினேன். பெரிய துப்பறியும் ஆள் மாதிரி.

போன மாசம் திடப்படுத்தல் ஆராதனைக்குன்னு புதுப் பைபிள் வாங்கின பிள்ளைங்க பன்னெண்டு பேர். பன்னெண்டு வீட்டுக்கும் அக்கா நடந்தாங்க. புதுசா கல்யாணம் ஆன ரெண்டு வீட்டுக்கும் போனாங்க. இல்ல... எங்ககிட்ட இல்ல அக்கா... இதேதான் பதில்.

அந்தச் சபைச் செயலர் தேவசித்தம் அண்ணாச்சி. தங்கமான மனுஷன். சபைக்காக ஓடி ஓடி உழைக்கிறவர். அடுத்த ஞாயிறு அவரே கணீர்னு அறிக்கை வாசிச்சார். "புதிய பைபிள் ஒன்று மாறி வந்துள்ளது. உரியவர் திருமதி ஜெபக்கனி அவர்களிடம் பெற்றுக்கொள்ளவும். ஒவ்வொருவரும் தங்கள் பைபிளைத் திறந்து சரிபார்க்கும்படி அன்போடு கேட்டுக்கொள்கிறோம்." அதுக்கு அடுத்த வாரமும் அதே அறிக்கை. கக்கத்துல அவர் பைபிள்.

அன்னைக்கு ஆராதனை முடிஞ்சு அக்கா என்கிட்ட வந்தாங்க. "ஐயா, வேற பைபிள்ல வாசிக்கத்தான் செய்றேன், வாசிக்காம இல்ல. ஆனா அவரு தினமும் ஒரு வார்த்தை பேசிக்கிட்டு இருந்தாரு. ரெண்டு வாரமா பேசல." சொல்லிட்டு அழுதாங்க.

மூணாவது ஞாயிறு. வேதபாடம் வாசிக்கிறது எப்பவும் அண்ணாச்சிதான். மேடையில இருக்கிற பெரிய பைபிள்லதான் வாசிப்பார். அன்னைக்கு அது பைண்டிங்குக்குப் போயிருந்துச்சு.

"அண்ணாச்சி, உங்க பைபிள்லயே வாசிங்க" அப்படின்னேன்.

சர்ருன்னு ஜிப்பைத் திறந்தார். பக்கத்தைப் பிரிச்சார்... நின்னுட்டார்.

சபையே காத்துக்கிட்டு இருக்கு. அவர் அப்படியே மூடியிருக்கலாம். கண்ணாடி கொண்டு வரலன்னு சொல்லித் தப்பிச்சிருக்கலாம். மனுஷன் அதைச் செய்யல. அதுக்காகவே அவரை இன்னைக்கும் மதிக்கிறேன்.

"ஓரமெல்லாம் பென்சில்ல எழுதியிருக்கு... இது ஜெபக்கனியோடது. மூணு வாரமா எங்க வீட்டு அலமாரியில இருந்திருக்கு."

ஒருத்தரும் சிரிக்கல. ஆராதனை முடிஞ்சதும் அக்கா அவர் பைபிளை ரெண்டு கையாலயும் நீட்டினாங்க.

"மன்னிச்சுக்கங்க அண்ணாச்சி. உங்க வீட்டுக்கு மட்டும் நான் வரவே இல்ல. பைபிள் புதுசா இருந்துச்சா... சின்னப் பிள்ளைங்க வீட்டுலயே தேடிட்டேன்."

குத்திக் காட்டிப் பேசல. நெசமாவே மன்னிப்புக் கேட்டாங்க. அதான் அவரால தாங்க முடியல. வாங்கிக்கிட்டு மெதுவா சொன்னார். "இது நான் வாங்கி பதினோரு வருஷம் ஆச்சும்மா."

அண்ணாச்சியைப் பாத்துச் சிரிக்காதீங்க. அன்னைக்கு வீட்டுக்குப் போய் என் பைபிளைத் திறந்து பாத்தேன். பிரசங்கத்துக்கு எடுக்கிற பக்கமெல்லாம் அழுக்கு. மிச்சமெல்லாம்... புதுசு. வெக்கமா இருந்துச்சு.

ஏன் சொல்றேன் தெரியுமா? புருஷன் போன துக்கத்துல ஜெபக்கனி அக்கா எப்படி நிமிர்ந்து நின்னாங்கன்னு ஊரே கேட்டுச்சு. பெரிய ரகசியம் ஒண்ணுமில்ல. தினமும் காலையில ஒரு பகுதி... கொஞ்சமா... விடாம. விசுவாசம் ஞாயித்துக்கிழமை ஒரு நாள்ல வளர்றது இல்ல. உறையைச் சுமந்தா வளர்றதும் இல்ல. திறக்கணும். திறந்து, நேத்து விட்ட இடத்துல இருந்து வாசிக்கணும்.

இன்னைக்குக் கூட்டம் முடிஞ்சு போகும்போது, பக்கத்துல இருக்கிறவங்க பைபிள் உங்க கைக்கு மாறி வந்துடுதுன்னு வச்சுக்குங்க. அது உங்களோடது இல்லன்னு உங்களுக்கு எப்பத் தெரியும்? அக்காவுக்கு ஒரு ராத்திரிதான் ஆச்சு.

உங்களுக்கு...?