சிவப்பு அட்டை

ஏலக்காய் ரொட்டி எடுத்துக்கொள்ளுங்கள் மேடம், நேற்று வாங்கியதுதான், இன்னும் மெத்தென்று இருக்கிறது. இந்த ஏரிக்கரையில் எரிவாயு வேலைக்கு உரிமம் வைத்திருப்பவன் நான் ஒருவன்தான். முப்பத்தொரு வருஷமாகிறது. நான் இணைப்புக் கொடுத்த வீட்டில் ஒருவர்கூடத் தலைவலி என்று படுத்ததில்லை. ஒவ்வொரு மூட்டிலும் சோப்பு நுரை தடவி, ஒரு குமிழிகூட வரவில்லை என்று பார்த்த பிறகுதான் கருவிப்பெட்டியை மூடுவேன்.

என் மாமனார் உர்ஹோவின் வீட்டில் அந்தச் செவ்வாய்க்கிழமை நான் செய்ததும் சட்டப்படி சரிதான். உங்கள் போலீஸ்காரர்கள் முதல் விசாரணையிலும் அப்படித்தான் எழுதினார்கள்.

அவருக்கு எண்பத்தொன்று. இடுப்பு வலியால் விறகு சுமக்க முடியவில்லை என்று விறகடுப்பைப் பிடுங்கி விற்றுவிட்டு, நகரத்தில் ஒரு பழைய எரிவாயுக் கணப்பு வாங்கி வந்து அதே இடத்தில் வைத்திருந்தார். வீட்டைச் சூடாக்கிய, எண்ணெயில் ஓடும் பழைய கொதிகலனும் முந்தைய வாரம் வெடிப்பு விட்டு நின்றுபோயிருந்தது. வாசலில் இருக்கும் புரோப்பேன் தொட்டியிலிருந்து கணப்புக்குக் குழாய் கொடுக்க வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டார்.

குழாயெல்லாம் போட்டுவிட்டுக் கணப்பின் அடித்தகட்டைப் படித்தேன். நகரத்துக் குழாய் வாயுவுக்காகச் செய்தது. தொட்டி வாயு அதைவிட அடர்த்தி. அதே துளையில் விட்டால் சுவாலை மஞ்சளாக நீண்டு கரி கக்கும். வாசனையே இல்லாத நச்சு வாயு அறையில் நிறையும். சிறு துளையுள்ள முனையாக மாற்றாமல் பற்றவைக்கவே கூடாது. இதை அவருக்குப் பொறுமையாக விளக்கினேன். நன்றாகவே விளக்கினேன். அவர் முகம் வெளுத்துவிட்டது.

அன்று நான் ஏன் அப்படிச் செய்தேன் என்று கேட்டீர்கள். பனியே தெரியாத அரிசோனாவில் என் நண்பன் ஒருவன் நீச்சல்குள வெந்நீர்க் கருவிகள் பொருத்தும் தொழில் வைத்திருக்கிறான். பதினான்கு வருஷமாக என்னைக் கூட்டுக்கு அழைக்கிறான். ஒவ்வொரு வருஷமும் என் மனைவி சில்வி ஒரே பதிலைத்தான் சொல்வாள்: "அப்பா இருக்கிற வரைக்கும் எப்படிங்க?" நவம்பரில் கதவை மூடும் பனி மே மாதத்தில்தான் வழி விடும். நான் அந்தப் பனியைத் தோண்டிக்கொண்டே ஐம்பத்தெட்டு வயதுக்கு வந்துவிட்டேன்.

அவருக்கும் இது தெரியும். சாப்பாட்டு மேசையில் எல்லோர் முன்னாலும் சொல்வார்: "மாப்பிள்ளைக்கு என்னமோ சூட்கேஸ் மேலயே கண்ணு. எங்கப்பா தொண்ணூத்தாறு வரைக்கும் கல்லு மாதிரி இருந்தாரு, தெரியும்ல? இன்னும் பதினஞ்சு வருஷம் பனி தள்ளு ராசா." எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

அன்று தொட்டியின் வால்வை மூடி, பூட்டுப் போட்டு, சிவப்பு அட்டையைக் கட்டினேன். அபாயம், பயன்படுத்தாதே என்று அதில் அச்சடித்திருக்கும். சமையல் அடுப்புக்கும் அதே தொட்டிதான்.

"அப்போ இன்னைக்குக் குளிருக்கு என்ன பண்றது மாப்பிள்ளை?" என்றார்.

"கரன்ட் ஹீட்டர் இருக்குல்ல? நாளைக்கு வர்றேன்."

"ரேடியோவுல புயல்னு சொல்றானே."

"அப்போ எங்க வீட்டுக்கு வந்துடுங்க. சில்வியும் உங்கள முதியோர் இல்லத்து டாக்டர்கிட்டக் காட்டணும்னு சொல்லிட்டே இருக்கா."

அந்த இல்லத்தின் பெயரைக் கேட்டாலே அவர் நாற்காலியை இறுக்கிப் பிடித்துக்கொள்வார். அது எனக்குத் தெரியும். "நான் எங்கயும் வரல. நீ போ," என்றார். ஆக, நான் அழைத்தேன், அவர்தான் மறுத்தார். புயல் வந்தால் அந்தச் சாலையில் முதலில் போவது மின்சாரம், அடுத்தது தொலைபேசி. பக்கத்து வீடு என்பது நான்கு மைல் தள்ளி.

வீட்டுக்கு வந்ததும் சில்வி கேட்டாள், "அப்பாவுக்குக் கணப்பு எரியுதா?"

"எல்லாம் பத்திரமா இருக்கு," என்றேன்.

அன்றிரவே புயல் வந்தது; மூன்று நாள் சாலை அடைத்துக் கிடந்தது. அவள் தொலைபேசியைக் காதில் வைத்தபடியே கூடத்தில் நடந்தாள். நான் சூப் சூடாக்கிக் கொடுத்தேன். இரண்டாம் நாள்தான் அவர் வீட்டுக் கொல்லையில் இருக்கும் நீராவிக் குளியல் குடிசை நினைவுக்கு வந்தது. அதில் விறகடுப்பு உண்டு. அன்று முழுவதும் எனக்குக் கொஞ்சம் கவலையாகவே இருந்தது. நான்காம் நாள் பனி அகற்றும் வண்டிக்காரர்கள் அவரை அந்தக் குடிசைக்கும் பின்வாசலுக்கும் நடுவில் கண்டெடுத்தார்கள். பாதித் தூரம் போயிருந்தார். அந்த இடுப்போடு அவ்வளவு தூரம் போனது பெரிய விஷயம்தான்.

இறுதிச் சடங்கு முடிந்த மறுவாரம் அரிசோனாவுக்கு எழுதலாமா என்று சில்வியிடம் கேட்டேன். "அப்பா தனியா செத்த வீட்ட விட்டு நான் எங்கயும் வர மாட்டேன். நாம அங்கயே போய் இருந்துடலாம்," என்றாள். பெட்டிகளைக் கட்டவும் தொடங்கிவிட்டாள். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கண்ணாடியின் பாதி உயரத்துக்குப் பனி.

அவள் அங்கே குளிரில் இருக்கக் கூடாது அல்லவா? போய்க் கணப்பைச் சரிசெய்தேன். முனையை மாற்றி, அழுத்தம் சரிபார்த்து, நுரை தடவி, நீலச் சுவாலை வரும்வரை அரை மணி நேரம் ஆனது. அவள்தான் கீழே கிடந்த முனை இருந்த காலிப் பொட்டலத்தை எடுத்தாள். அதன்மேல் அவர் கையெழுத்து: "மாப்பிள்ளைக்கு. தொட்டி வாயுன்னா இத மாத்தணும்னு கடைக்காரன் சொன்னான்."

"இத அப்பா உங்ககிட்ட எப்போ குடுத்தாரு?"

அவளிடம் நான் பொய் சொன்னதில்லை. "செவ்வாய்க்கிழமை," என்றேன். நான் உள்ளே நுழைந்ததுமே கொடுத்தார். கோட்டுப் பையில் போட்டுக்கொண்டேன். பிறகு அவர் அதை நினைவூட்டியபோது, அது இந்தக் கணப்புக்குப் பொருந்தாத அளவு என்று சொல்லிவிட்டேன். அவர் முன்னால் அடித்தகட்டைப் படித்தபோதும், அட்டையைக் கட்டியபோதும் அது என் பையில்தான் இருந்தது.

அவள் கதவைத் திறந்து பிடித்தபடி நின்றாள். நான் இங்கே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டேன். அதன்பிறகுதான் அவள் உங்களைக் கூப்பிட்டிருக்கிறாள்.

ஆமாம் மேடம், அவர் அந்தப் புயலிலிருந்து உயிரோடு மீளக் கூடாது என்றுதான் வால்வைப் பூட்டினேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். சில்வியிடம் ஒன்று மட்டும் சொல்லிவிடுங்கள்: வருஷத்துக்கு ஒரு தடவை யாரையாவது வரவழைத்து மூட்டுகளைப் பார்க்கச் சொல்ல வேண்டும். மற்றபடி பயப்பட ஒன்றுமில்லை. நானே என் கையால் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். அந்த வீட்டில் இப்போது யாருக்கும் எந்த ஆபத்தும் இல்லை.