வராதவளுக்கு ஓர் இடம்

சைரா: கடைசி யாரு, கடைசி யாருன்னு கேட்டுக்கிட்டே வர்றேன், ஒருத்தரும் வாயைத் திறக்கலை. வரிசையில கடைசி நீங்கதானா தம்பி?

பெக்தூர்: நான்தான் அக்கா.

சைரா: அப்ப உங்களுக்குப் பின்னாடி நான். முகத்தை நல்லா பார்த்துக்கோங்க. நடுவுல எவளாவது நுழைஞ்சா நீங்கதான் சாட்சி.

பெக்தூர்: சரி அக்கா.

சைரா: பொம்பளைங்க டாக்டர் வாசல்ல ஆம்பிளை... பொண்டாட்டிக்கு இடம் பிடிக்கிறீங்களா?

பெக்தூர்: ம்... ஆமா.

சைரா: இந்த பிஷ்கெக்ல இப்படியும் ஒரு புருஷன்! எங்க அவ?

பெக்தூர்: வந்துருவா. பனியில வேன் ஓடலையாம்.

சைரா: முறை வர்றப்ப ஆள் இல்லைன்னா இடம் போயிரும், தெரியுமில்ல?

பெக்தூர்: தெரியும். முன்னாடியும் போயிருக்கு.

சைரா: அடப் பாவமே.

பெக்தூர்: அக்கா, ஷூவுக்கு மேல நீல பிளாஸ்டிக் உறை போடலையா? தரை துடைக்கிற அம்மா பார்த்தா கத்துவாங்க.

சைரா: போட்டேன், படியிலேயே கிழிஞ்சிருச்சு.

பெக்தூர்: என்கிட்ட இன்னொரு ஜோடி இருக்கு. இந்தாங்க.

சைரா: ஐயோ, இது அவளுக்கு வாங்கினதாச்சே?

பெக்தூர்: அவளுக்கு வேண்டியிருக்காது.

சைரா: ஏன், பறந்து வர்றாளா?

பெக்தூர்: ...நீங்க யாருக்காக?

சைரா: நானா? மருமகளுக்கு. குழந்தைக்குப் பால் குடுத்துட்டு வர்றேன்னா. உங்க வீட்டுக்காரிக்கு என்ன சங்கடம்? கூச்சப்படாம சொல்லுங்க. தொர்தொய் சந்தையில பொம்பளை உள்ளாடை விக்கிறவ நான், கேக்காத கதை இல்ல.

பெக்தூர்: ரத்தம். நின்னு ரொம்ப நாளாச்சு. இப்ப திரும்பவும் வருது.

சைரா: வயசு அம்பது இருக்குமா?

பெக்தூர்: முப்பது.

சைரா: முப்பதுல நின்னுச்சா!

பெக்தூர்: ஊசி போட்டுக்கிறா, அதுல நின்னுரும். நடுவுல கொஞ்ச நாள் ஊசி கிடைக்கலை. அதனால வந்ததா, வேற ஏதாவதான்னு தெரியலை. அவ அம்மா போனது கர்ப்பப்பைப் புற்றுநோயில. அவங்களுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது.

சைரா: அப்புறம் என்ன யோசனை? கையைப் பிடிச்சு இழுத்துட்டு வர வேண்டியதுதானே!

பெக்தூர்: வர்றா அக்கா. இந்தக் கதவு வரைக்கும் வந்துட்டுத் திரும்பிடுறா.

சைரா: டாக்டருக்குப் பயந்தா?

பெக்தூர்: இல்ல இல்ல. டாக்டரம்மா தங்கமானவங்க. எங்களை மாதிரி ஆளுங்க பாதிப் பேரு இவங்ககிட்டதான் காட்டுறாங்க. தேவையில்லாம ஒண்ணும் துருவ மாட்டாங்க. இந்த வராந்தாதான்... இத்தனை கண்ணு.

சைரா: கண்ணு கிடக்கட்டும். அது என்ன ஊசி?

பெக்தூர்: ஹார்மோன்.

சைரா: என்ன ஹார்மோன்?

பெக்தூர்: ...ஆம்பிளை ஹார்மோன்.

சைரா: பொண்டாட்டிக்கு எதுக்கு ஆம்பிளை... ஓ...

பெக்தூர்: அக்கா, மெதுவா.

சைரா: நான் ஒண்ணும் சொல்லலையே... தாடி நல்லா அடர்த்தியா வந்திருக்கு உங்களுக்கு. என் மகனுக்கு ஆட்டுக்கடா மாதிரி நாலு முடிதான்.

பெக்தூர்: ...உங்க மருமகளுக்கு என்னவாம்?

சைரா: எரிச்சல், அரிப்பு. புருஷன் மாஸ்கோவுல கட்டட வேலை. சொந்தக்காரங்க கல்யாண விருந்துக்குன்னு வந்தான், தின்னான், தூங்கினான், போயிட்டான். அவன் போனதுக்கப்புறம் இது.

பெக்தூர்: உங்க மகன் மாஸ்கோவுலயா இருக்காரு?

சைரா: அவன் எங்க போனான், இங்கயே டாக்ஸி ஓட்டிக்கிட்டு... தம்பி, நீங்களும் மெதுவா.

பெக்தூர்: நான் ஒண்ணும் சொல்லலையே. மருமககிட்ட ஒண்ணு சொல்லுங்க. அரிப்புக்கு மட்டும் மருந்து வாங்கிட்டு வந்துறக் கூடாது. எச்.ஐ.வி., மேகநோய் எல்லாத்துக்கும் சேர்த்து ரத்தம் பார்க்கச் சொல்லிக் கேக்கணும்.

சைரா: எச்.ஐ.வி.யா! வாயில வராத பேரு.

பெக்தூர்: நாங்க அப்பப்ப பார்த்துக்குவோம். விரல்ல ஒரு குத்து, அவ்வளவுதான். ஒண்ணும் இல்லைன்னா நிம்மதி. இருந்தா மாத்திரை இருக்கு. தெரியாம இருக்கிறதுதான் ஆபத்து.

சைரா: அவ எப்படித் தம்பி கேப்பா? இந்த வயசுல...

பெக்தூர்: எந்த வயசுல?

சைரா: ...சன்னல் பக்கம் தலையில பச்சைத் துணி கட்டியிருக்கா பாருங்க. என் பக்கத்துக் கடைக்காரி. நான் இந்தக் கதவுக்குள்ள தனியா நுழைஞ்சேன்னா, சாயங்காலத்துக்குள்ள சந்தை பூரா பரவியிரும்.

பெக்தூர்: அப்ப கிளம்பிரலாம்னு பார்க்கிறீங்களா?

சைரா: நீங்களும் அதைத்தானே பார்க்கிறீங்க. அப்போதிலேர்ந்து மேல்சட்டைப் பொத்தானைப் போடுறதும் கழட்டுறதுமா.

பெக்தூர்: ...அடுத்தது நான்தான் அக்கா. என்னால முடியலை.

சைரா: உட்காருங்க.

பெக்தூர்: இன்னொரு நாள்...

சைரா: உட்காருங்கன்னேன். அம்மா எதுல போனாங்கன்னு சொன்னீங்க? சேர்ந்து போவோம். வராதவளுக்கு ரிசல்ட் கேக்க ரெண்டு பேரும் வந்திருக்கோம்னு நினைச்சுக்கட்டும். உங்களையும் ஏன்னு கேக்க மாட்டாங்க, என்னையும் கேக்க மாட்டாங்க.

பெக்தூர்: நம்புவாங்களா?

சைரா: சின்ன அளவைப் பெரிய அளவுன்னு சொல்லி வித்தவகிட்ட கேக்குற கேள்வியா இது?

நர்ஸ்: அடுத்தது யாரு?

சைரா: இவன்தான்! என் அண்ணன் மகன்! பொண்டாட்டி வரலை, ரிசல்ட் கேக்க வந்தோம்! எழுந்திருடா, என்ன முழிக்கிறே?

பெக்தூர்: வர்றேன்... அத்தை.

நர்ஸ்: ரெண்டு பேருமா? சரி, வாங்க. கதவைச் சாத்துங்க. என்ன பேருக்கு ரிசல்ட்?

சைரா: அது வந்து...

நர்ஸ்: பேரு சொல்லுங்கம்மா. இல்ல, பரிசோதனைதான் பண்ணணுமா? யாருக்கு?

பெக்தூர்: எங்க ரெண்டு பேருக்கும். முதல்ல எனக்கு. வரிசையில அத்தைக்கு முன்னாடி நான்தான்.