இருபதாயிரத்து நானூறு புள்ளிகள்

காளிராஜ்: ரெண்டு பேரும் ஒரு முடிவுக்கு வாங்க பாய். நம்ம டிராவல்ஸ் சனிக்கெழமை ஒரு மணியோட சரி. பன்னெண்டரைக்கு மதுரைக் கூரியர்காரர் வந்து நிப்பார். இந்த விண்ணப்பப் பாரம் இன்னைக்கு ராஜபாளையத்த விட்டுக் கெளம்பலன்னா...

அசன் முகம்மது: முடிவு என்ன முடிவு? விமானத்துல பறந்தது நான். புள்ளி என் பேர்ல ஏறியிருக்கு. எனக்கு முன்னாடி சீட்டு வேணும். எழுதும்.

மாஜிதா: எழுதாதிய தம்பி.

காளிராஜ்: எழுதவா, வேண்டாமா?

மாஜிதா: செத்த நேரம் பேனாவ மூடி வைங்க. மச்சான், முன்னாடி சீட்டுக்கு எம்புட்டுப் புள்ளி?

அசன் முகம்மது: பத்தாயிரம்.

மாஜிதா: போகப் பத்து, வரப் பத்து. கையில இருக்கிறது இருபதாயிரத்து நானூறு. மூணு வருசமாச் சேந்தது ஒரே போக்குவரத்துல காலி. அதுக்கு அவன் என்ன தாரான்?

அசன் முகம்மது: அகலமான சீட்டு. கண்ணாடி கிளாசுல ஜூஸ். ஏட்டி, உனக்குத் தெரியாது. நடுவுல ஒரு திரை போட்டிருப்பான். நம்ம ஊரு மில்லுக்காரங்க அம்புட்டுப் பேரும் திரைக்கு அந்தப் பக்கம். மூணு வருசமா நான் திரையத்தான் பாத்துக்கிட்டு வாரேன்.

மாஜிதா: திரைதான வேணும்? வீட்டுல நான் தச்சுத் தாரேன்.

அசன் முகம்மது: நீரு சிரிக்காதிரும் காளிராஜ்.

காளிராஜ்: நான் இருமுனேன் பாய்.

மாஜிதா: உங்க டிக்கெட்டக் கம்பெனி எடுத்துத் தருது. பேண்டேஜ் துணிக்கு டெண்டர் போட மாசாமாசம் டெல்லி போயி வாறிய. பின்னாடி உக்காந்தாலும் அதே நேரத்துக்குத்தான் இறங்கப் போறிய. மெத்தைக்கு மட்டும் இருபதாயிரமா?

காளிராஜ்: அதுவும் வேண்டாம்னா சூட்கேஸ் வாங்கலாம்க்கா. எட்டாயிரம் புள்ளிக்கு ஒண்ணு. சக்கரம் வச்சது.

மாஜிதா: அதையும் படிச்சேன். எட்டாயிரம் புள்ளிய வச்சு ஒருத்தர் வானத்துல முக்காவாசி தூரம் வந்துரலாம். சக்கரத்த உருட்டிக்கிட்டு எங்க போக? நாலு நாளா அகராதிய மடியில வச்சுக்கிட்டு விமானக் கம்பெனிக்காரன் குடுத்த புள்ளிப் புத்தகத்த வாசிச்சிருக்கேன். பன்னெண்டாம் பக்கத்துல என்ன இருக்கு, சொல்லுங்க தம்பி.

காளிராஜ்: பன்னெண்டாம் பக்கமா... நான் அட்டையோட சரிக்கா.

மாஜிதா: இலவச டிக்கெட்டுக்கு, மதுரையில இருந்து மெட்ராஸ் போனாலும் பத்தாயிரம். மெட்ராஸ்ல இருந்து டெல்லி போனாலும் பத்தாயிரம். தூரத்துக்குக் கணக்கில்ல.

அசன் முகம்மது: அது ஊருக்கே தெரியும்.

மாஜிதா: அதுக்குக் கீழ பொடி எழுத்துல ஒரு வரி இருக்கு. ஒரே நாளுல மாறி ஏறினா ரெண்டு விமானமும் ஒரே பயணமாம். அப்ப டெல்லிக்கும் மதுரைக்கும் சேத்தே பத்தாயிரம்தான். இதுக்கு மேல அந்தப் புள்ளிக்கு மதிப்பு கெடையாது. வச்சிருந்தாலும் டிசம்பர் முப்பத்தொண்ணோட அம்புட்டும் செத்துரும்.

காளிராஜ்: அக்கா, நாளைல இருந்து என் சீட்டுல நீங்க உக்காருங்க. நான் போயி டீ வாங்கிட்டு வாரேன்.

அசன் முகம்மது: சரி, டெல்லிக்கே வச்சுக்க. நீ எதுக்கு டெல்லி போற? அடுத்த மாசம் இருபத்திரண்டாந்தேதி நம்ம மக அசீனாவுக்கு நிக்காஹ். பந்தலுக்குச் சொல்லல, பத்திரிகை பாதி வீட்டுக்குக் குடுக்கல...

மாஜிதா: நான் போகல.

அசன் முகம்மது: பொறவு?

மாஜிதா: யாரும் போகல. வாராங்க. பாரத்தப் பாருங்க. டெல்லியில இருந்து மதுரைக்கு, இருபத்தொண்ணாந்தேதி. ஒரு வழி. ரெண்டு பேரு.

அசன் முகம்மது: காளிராஜ், நீரு அந்த டீயச் சொல்லிட்டு வாரும்.

காளிராஜ்: போயிருவேன் பாய். ஆனா மதுரை ஆபீசுல இருந்து போன் வரும். இலவச சீட்டு அன்னைக்கு ரெண்டே ரெண்டுதான் மிச்சம், அக்கா முன்னாடியே கேட்டதால பிடிச்சு வைக்கச் சொல்லியிருக்கேன். மறுநாள்ல இருந்து சீசன்னு இலவசத்த நிப்பாட்டிருதான். நான் எந்திரிச்சா சீட்டும் எந்திரிச்சுப் போயிரும். வேணும்னா காதப் பொத்திக்கிறேன்.

அசன் முகம்மது: மாஜிதா, அந்தப் பேரு நம்ம வீட்டுல எடுத்து ஒம்போது வருசமாச்சு.

மாஜிதா: எடுக்கிறேன். நூர்னிசா. உங்க தங்கச்சி. ஏன், எடுத்தா சீலிங் ஃபேன் கழண்டு விழுந்துருமா?

அசன் முகம்மது: மெதுவாப் பேசு.

மாஜிதா: மெதுவாப் பேசித்தான் ஒம்போது வருசம் போச்சு. அவ என்ன திருடிட்டா போனா? கான்சாபுரத்து உக்கிரபாண்டியக் கட்டுனா. அவரு பட்டாளத்துக்காரரு. கட்டுனவளக் கண்ணு கலங்காம வச்சிருக்காரு.

அசன் முகம்மது: அது உனக்கு எப்படித் தெரியும்?

மாஜிதா: கடுதாசி போடுவா. நாலு வருசமா. அவ நாத்தனா முத்துப்பேச்சி விலாசத்துக்கு வரும். அவ வத்திராயிருப்பு பஸ்ஸுல ஸ்ரீவில்லிபுத்தூர் சந்தைக்கு வாரப்ப காய்கறிப் பையில வச்சுக் குடுத்துட்டுப் போவா.

அசன் முகம்மது: நாலு வருசமா எங்கிட்ட மறைச்சிருக்க.

மாஜிதா: மறைச்சேன். திட்டணும்னா வீட்டுல போயித் திட்டுங்க. இப்ப மணி பதினொண்ணே முக்கால்.

அசன் முகம்மது: என்னப் பெத்த அத்தாவ நெனச்சுப் பாத்தியா?

மாஜிதா: அசீனாவ நெனச்சேன். நம்ம வீட்டுல பொண்ணு கையில மொத மருதாணி யாரு வைக்கிறது? அத்தா கூடப் பொறந்த மாமிதான. உங்க மாமிக்கும் அப்படித்தான், எனக்கும் அப்படித்தான். உங்களுக்குக் கூடப் பொறந்தது ஒருத்திதான் இருக்கா. வேற எங்க போயி வாடகைக்குப் பிடிக்க?

அசன் முகம்மது: பெரியத்தா மக யாராவது வைக்கட்டும்.

மாஜிதா: அத உங்க மககிட்ட நீங்க சொல்லுங்க. நூர் மாமி வரலன்னா கை வெறுங்கையா இருக்கட்டும்னுட்டா. உங்க பிடிவாதம் அப்படியே வந்திருக்கு.

காளிராஜ்: ரயில்ல வரலாமேக்கா? விமானம்தான் வேணுமா?

மாஜிதா: காதப் பொத்திக்கிறேன்னிய?

காளிராஜ்: ஒரு காதுதான் பொத்துனேன்.

மாஜிதா: நூர் பிள்ளைக்கு அரையாண்டுப் பரீட்சை இருபதாந்தேதி வெள்ளிக்கெழமை முடியுது. மருதாணி சனிக்கெழமை சாயந்தரம். ரயிலு மதுரை வந்து சேருறதுக்குள்ள மறுவீடு முடிஞ்சிரும். திரும்பிப் போறதுக்கு அவசரமில்ல, அவரு லீவுல வந்து ரயிலுல கூட்டிட்டுப் போவாரு. வாரதுக்குத்தான் விமானம் வேணும்.

அசன் முகம்மது: எல்லாம் நீயே போட்டு முடிச்சிட்ட.

மாஜிதா: கையெழுத்து மட்டும் என்னால போட முடியல. அது உங்க கையிலதான் இருக்கு. மச்சான், ஒண்ணு கேக்குதேன். மாசம் ஒருக்க அந்த ஊருக்குப் போறியளே. ஒரு நா... ஒரே ஒரு நா... எட்டிப் பாக்கணும்னு தோணலையா?

அசன் முகம்மது: டெல்லி என்ன நம்ம பஜாரா, எட்டிப் பாக்க? இறங்குனேன், ஆபீசுக்குப் போனேன், ஏறுனேன். அம்புட்டுத்தான்.

மாஜிதா: கல்லு.

அசன் முகம்மது: கல்லாவே இருந்துட்டுப் போறேன். நீ வரச் சொல்லிருவ. வாசல்ல வச்சு அத்தா ஒரு சொல்லு சொல்லிட்டாருன்னா? வெளிய போன்னுட்டாருன்னா? பந்தல்ல நாலு பேரு முன்னால, பச்சப் பிள்ளையையும் கையில பிடிச்சுக்கிட்டு அவ எங்க போயி நிப்பா? இங்க வராம இருந்தா மரியாதையாவது மிஞ்சும்.

மாஜிதா: மாமா வாயில வார மொதச் சொல்லு எனக்கு. வாசல்ல நான் முன்னால நிப்பேன். என்னத் தாண்டித்தான் அவளுக்குப் போகணும். அவரு எம் மேல ரெண்டு நாளைக்குக் கோவமா இருப்பாரு. மூணாம் நா மீன் ஆணம் கேப்பாரு. இருவது வருசமா அவருக்கு ஆக்கிப் போடுறவ நான். இந்தாங்க, இதையும் வாசிச்சிட்டுக் கையெழுத்துப் போடுங்க. வீட்டுப் பேரு வேற வேறயா இருக்கதால உறவச் சொல்லி ஒரு கடுதாசி வேணுமாம். நான் தமிழ்ல எழுதிட்டேன். தம்பி இங்கிலீசுல டைப் அடிச்சுச் சேத்துருவாரு.

அசன் முகம்மது: நீயே வாசி. கண்ணாடி கொண்டு வரல.

மாஜிதா: பையில இருக்கு... சரி, வாசிக்கிறேன். ‘மதிப்பிற்குரிய மேலாளர் அவர்களுக்கு வணக்கம். தங்கள் நிறுவனத்தின் விமானங்களில் மூன்று ஆண்டுகளாக இடைவிடாது பயணம் செய்து யான் ஈட்டிய புள்ளிகளைக் கொண்டு, புதுதில்லியில் வசிக்கும் திருமதி நூர்னிசாவுக்கும் அவருடைய மகள் செல்வி நாச்சியாருக்கும் பயணச்சீட்டு வழங்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன். மேற்படி நூர்னிசா, என் தாய் தந்தையருக்குப் பிறந்தவரும், என் ஒரே தங்கையும் ஆவார். இவ்வுறவு உண்மை என்றும், எக்காலத்தும் இதனை நான் மறுத்துரைக்க மாட்டேன் என்றும் இதன்வழி உறுதி கூறுகிறேன்.’

காளிராஜ்: அக்கா... கம்பெனிக்கு இம்புட்டு வேண்டியதில்ல. தங்கச்சின்னு ஒரு வார்த்தை போதும்.

மாஜிதா: கம்பெனிக்குப் போதும் தம்பி.

அசன் முகம்மது: ‘எக்காலத்தும்’ எதுக்கு?

மாஜிதா: நாளைக்கு நீங்க மாறிப் பேசுனா எடுத்துக் காட்ட.

காளிராஜ்: இருங்க, போன் அடிக்குது... அலோ, ராஜபாளையம் காளிராஜ் பேசுறேன். ஆமா சார், ரெண்டு சீட்டு... அஞ்சு நிமிசம் சார்... இல்ல சார், வைக்காதிய, லைன்லயே இருங்க. பாய், வேற ஏஜென்ட் ஒருத்தர் அதே சீட்டக் கேக்காராம். பேரு இப்பச் சொன்னா நமக்கு. இல்லைன்னா அவருக்குக் குடுத்துருவாங்க.

மாஜிதா: சொல்லுங்க தம்பி. நூர்னிசா...

காளிராஜ்: நீங்க சொல்லி நான் சொல்லக் கூடாதுக்கா. புள்ளி பாய் பேர்ல இருக்கு. நானும் இந்த ஊருக்காரன். ஒம்போது வருசமா அந்தப் பேச்ச பாய் முன்னால எடுத்ததில்ல. அவரு வாயால சொல்லட்டும். பாய், யாருக்கு டிக்கெட்? லைன்ல இருக்காங்க.

அசன் முகம்மது: நூர்னிசாவுக்கு.

காளிராஜ்: உங்களுக்கு என்ன வேணும்?

அசன் முகம்மது: தங்கச்சி. என் தங்கச்சி. அந்தப் பேனாவக் குடும்... எங்க போடணும்? இங்கயா?

மாஜிதா: அங்க. கீழயும் ஒண்ணு.

காளிராஜ்: சார், எழுதிக்கோங்க. திருமதி நூர்னிசா... கூட ஒரு குழந்தை, நாச்சியார்... ஆமா சார், தங்கச்சி மக. வயசா? ஒரு நிமிசம். அக்கா, பாப்பாவுக்கு என்ன வயசு?

மாஜிதா: கடுதாசியில பள்ளிக்கூடம் போறான்னு எழுதியிருந்தா... வயசு எழுதலையே. அஞ்சு இருக்குமா? ஆறுன்னு போடுங்க தம்பி.

அசன் முகம்மது: ஏழுன்னு போடும். ஐப்பசியோட ஏழு முடிஞ்சு, ரெண்டாங் கிளாஸ் படிக்கி. ஜன்னலோரச் சீட்டாக் கேளும் காளிராஜ். ஒவ்வொரு மாசமும் அவ அம்மா கூட ஏர்போர்ட் வாசல் வரைக்கும் வந்து கையக் காட்டிட்டு, ‘மாமா, உங்களோட நான் எப்ப ஏறுவேன்’னு அதுதான் கேக்கும்.