ஏழடி கேபிள்

— பிடிச்சு ஆட்டாத மாப்ள. ஈயம் இன்னும் ஆறல. இப்ப இழுத்தா கேபிள் முனையில வச்ச குண்டு கையோட வந்துரும்.

— ஞாயித்துக்கெழம ரேசு, கனி பாய். நாளைக்குக் காலைல வண்டிய லாரில ஏத்தணும். அம்புட்டுத்தேன் நேரம்.

— எழுவத்தெட்டு ரேசுக்கும் இதத்தான் சொன்ன சுருளி. மெட்ராசுக்குக் கொண்டு போயி டயர் அடுக்குல சொருகிட்டு வந்த. வந்து என்ன சொன்ன? நாகூர் கனி போட்ட ஆக்சிலேட்டர் கேபிள் மாட்டிக்கிச்சுன்ன.

— பெடல்லருந்து காலத்தேன் எடுத்துட்டேனே பாய். பெறகும் வண்டி பறக்குதுன்னா நான் என்னன்னு நெனைக்க?

— நெனச்சுக்க. ஊரெல்லாம் ஏன் சொன்ன? ஒரு வருசமா செல்லூர்ல சைக்கிள் பிரேக் கம்பி மாத்தக்கூட ஒருத்தனும் எங் கடைக்கு வரல. மனசு விட்டுப்போச்சு மாப்ள.

— அதுக்குத்தேன் திரும்ப ஒங்ககிட்டயே வந்தேன்.

— வேற எங்க போவ? இன்ஜினப் பின்னாடி வச்சு நீயா வண்டி கட்டிருக்க. ஏழடி கேபிள எந்தக் கடையில தொங்க விட்டிருக்கான்? சரி, ஆறிருச்சு. மாட்டுறேன். நீ உள்ள எறங்கி உக்காரு.

— உக்காந்துட்டேன். காலு ரெண்டும் வண்டி மூக்குக்குள்ள போயிருச்சு. ஸ்பிரிங் ரெண்டா போட்டிருக்கீக?

— ரெண்டு. ஒண்ணு அத்தாலும் இன்னொண்ணு கார்புரேட்டர மூடிரும். இந்தா, இன்ஜின்கிட்ட நின்னு கையால இழுக்குறேன். விட்டேன். கேட்டுச்சா?

— டக்குன்னுச்சு.

— இருவது தடவ இழுத்தாச்சு. இருவது தடவையும் டக்குதான். இப்ப ஸ்டார்ட் பண்ணு. மெதுவா மிதி. இன்னும் கொஞ்சம். ம், ரெண்டு கார்புரேட்டரும் ஒண்ணாத் தொறக்குது. போதும், விடு.

— விட்டாச்சு.

— விடுன்னேன் மாப்ள! இன்ஜின் அலறுது!

— விட்டுட்டேன் பாய்! பாத்தீகளா? இதத்தேன் அன்னைக்கும் சொன்னேன். நீங்கதேன் நம்பல!

— சாவியத் திருப்பு! அணை!

— அணைச்சுட்டேன். போச்சு, ரேசும் போச்சு. ஒங்களத் தேடி வந்தேன் பாருங்க, என்னயச் சொல்லணும்.

— பேசாத. கம்பி இங்க விறைப்பா நிக்கிது. உள்ள சிக்கியிருந்தா இப்பிடி நிக்காது, தொஞ்சு கெடக்கும். முன்பக்கத்துல என்னமோ இழுத்துப் பிடிக்குது. இரு, வாரேன். மூக்கு மூடியத் தொறந்து பாக்குறேன்.

— நல்லாப் பாருங்க. பெடலு கீழயே கெடக்கும்.

— கீழதான் கெடக்கு. மாப்ள, வலது கால எங்க வச்சிருக்க?

— எடுத்துத் தள்ளி வச்சிருக்கேன்.

— யா அல்லா. சுருளி, கோவப்படாமக் கேளு. ஒங் காலு இன்னும் பெடலு மேலதான் இருக்கு. வெறுங்காலுதான? கட்டவெரல ரெண்டு கையாலயும் நெரிச்சுப் பிடிச்சிருக்கேன். வலிக்குதா?

— எப்பப் பிடிச்சீக பாய்?