பூட்டிய வீட்டுக்குப் பங்காரம்மா வந்தது பற்றி

பெயர்: அங்கப்பன்
தகப்பனார் பெயர்: மாரப்பன் (காலமானவர்)
வயது: 38
தொழில்: நாடகத்தில் பெண் வேடம் கட்டுதல், கேபிள் டி.வி.யில் நிகழ்ச்சி நடத்துதல்
விலாசம்: குளத்துமேட்டு வீதி, சிங்காநல்லூர், கோயமுத்தூர்
குற்றவியல் நடுவர் அவர்கள் முன்னிலையில் பதிவு செய்யப்பட்டது, ஜூலை 1997

நான் மேற்படி விலாசத்தில் தனியாகக் குடியிருந்து வருகிறேன். எனக்குத் திருமணம் ஆகவில்லை. எதையும் சொல்ல வேண்டிய கட்டாயம் எனக்கு இல்லை என்றும், சொன்னால் அது எனக்கு எதிராகவே பயன்படலாம் என்றும் நடுவர் அவர்கள் எடுத்துச் சொன்னது எனக்குப் புரிந்தது. யோசித்துக்கொள்ளத் தனியே விட்டு வைத்தார்கள். யோசித்த பிறகே சொல்கிறேன்.

எனக்குச் சொந்த ஊர் பொள்ளாச்சிப் பக்கம். என் பெற்றோர் தென்னந்தோப்பில் கூலி வேலை செய்தவர்கள். பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு சென்னகிருஷ்ணன் என்பவரின் நாடக செட்டில் சேர்ந்தேன். என் குரல் மெல்லியதாக இருந்தபடியால் பெண் வேடம் கொடுத்தார்கள். ராணி வேடத்தில் எனக்கு அழ வரவில்லை. அதன் பிறகு நானாகவே பங்காரம்மா என்ற வேடத்தை உண்டாக்கினேன். ராஜா சபையில் இருக்கும்போது பங்காரம்மா முந்தானையைச் செருகிக்கொண்டு உள்ளே வந்து, "ஏனுங்க ராசா, சண்டைக்குப் போறது இருக்கட்டுமுங்க, ஊட்டுல அரிசி இல்லீங்களே" என்று கேட்பாள். பொள்ளாச்சிச் சந்தையில் மாட்டுத் தரகர்களிடம் வாதாடும் பெண்களைப் பார்த்து அந்தப் பேச்சைக் கற்றுக்கொண்டேன்.

கிராமங்களில் வேடத்தோடு இருக்கும்போது பெண்கள் என்னை உள்ளறைக்குக் கூப்பிட்டு உட்கார வைப்பார்கள், கைக்குழந்தையை என் மடியில் கொடுப்பார்கள். முகம் கழுவி வேட்டி கட்டிக்கொண்டு போனால் அதே வீட்டில் கதவைச் சாத்திக்கொள்வார்கள். நான் எந்த மாதிரி ஆள் என்று இன்ஸ்பெக்டர் அவர்கள் பலமுறை கேட்டார். நான் வேடம் கட்டுகிறவன்.

அதன் பிறகு கோயில் நோம்பித் திருவிழாக்களில் நாடகம் குறைந்து மெல்லிசைக் கச்சேரி வைக்க ஆரம்பித்தார்கள். எங்கள் செட்டு கலைந்துவிட்டது. சிங்காநல்லூரில் கேபிள் டி.வி. நடத்தும் லட்சுமணசாமி என்பவர், எங்கள் கடைசி நாடகம் ஒன்றை வீடியோ எடுத்துத் தன் சேனலில் போட்டார். பங்காரம்மாவை மறுபடியும் போடச் சொல்லிப் பலர் போன் செய்ததாகச் சொல்லி என்னைத் தேடி வந்தார். அவர் வீட்டு மாடியில் நீலத்துணி கட்டிய அறையில், சனிக்கிழமை மத்தியானந்தோறும் 'பங்காரம்மா வாரேனுங்க' என்ற நிகழ்ச்சியை நடத்தினேன். பார்க்கிறவர்கள் போன் செய்து பாட்டுக் கேட்பார்கள், வீட்டு வழக்கு சொல்வார்கள். நான் பங்காரம்மாவாகவே பதில் சொல்வேன்.

நான் ஆண் என்று டி.வி.யிலோ வெளியிலோ சொல்லக் கூடாது என்பது லட்சுமணசாமி போட்ட நிபந்தனை. உக்கடத்தில் தையல்கடை வைத்திருக்கும் ரசாக் எனக்கு ரவிக்கை தைத்துக் கொடுப்பார். அவர் மனைவி ஜன்னத் சேலைக்கு ஊக்குக் குத்தி, சவரி வைத்துக் கொண்டை போட்டுவிடுவார். அங்கிருந்து வேடத்தோடு ஆட்டோவில் ஏறி ஸ்டுடியோவுக்குப் போவேன். பங்காரம்மா ஆணா பெண்ணா என்று ஊரில் பந்தயம் கட்டினார்கள். "அந்தச் சந்தேகம் இருக்கற வரைக்குந்தானுங்க சனம் பாக்கும்" என்று லட்சுமணசாமி சொல்வார். நான் சட்டை போட்டுக்கொண்டு மளிகைக் கடையில் நிற்கும்போது என் பக்கத்தில் நின்றே பங்காரம்மாவைப் பற்றிப் பேசுவார்கள். ஒருவருக்கும் என்னைத் தெரியாது.

சென்ற வருடக் கடைசியில் சண்முகப்ரியா என்ற பெண் பாட்டுக் கேட்டு அடிக்கடி போன் செய்தாள். அவளை நான் அப்போது நேரில் பார்த்ததில்லை. வெட் கிரைண்டர் பட்டறை வைத்திருக்கும் கதிரேசன் என்பவரின் மனைவி என்று பின்னால் தெரிந்துகொண்டேன். ஒருநாள் நிகழ்ச்சி முடிந்த பிறகு அவளிடமிருந்து போன் வந்தது. "ஏனுங்க அக்கா, நீங்க நெசமாலுமே பொம்பளைங்களா?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியைப் பலர் சிரித்துக்கொண்டு கேட்டிருக்கிறார்கள். அவள் சிரிக்கவில்லை. அதனால் நான் ஆண் என்று உண்மையைச் சொன்னேன். அவள், "பரவாயில்லீங்க. அக்கான்னே கூப்புட்டுக்கறனுங்க" என்றாள்.

அதன் பிறகு நிகழ்ச்சி முடிந்ததும் சில வார்த்தைகள் பேசுவாள். கணவர் பட்டறைக்குப் போகும்போது வீட்டை வெளியில் பூட்டிவிடுவதாகவும், ஜன்னலுக்குப் பலகை அடித்திருப்பதாகவும், சாவி பக்கத்து வீட்டில் இருக்கும் மாமியாரிடம் இருப்பதாகவும் சொன்னாள். போனுக்கும் பூட்டுப் போட்டிருப்பதாகச் சொன்னாள். அப்படியானால் எப்படிப் பேசுகிறாய் என்று கேட்டேன். ரிசீவர் வைக்கும் கொக்கியை எண்ணுக்குத் தகுந்தபடி தட்டினால் லைன் போகும் என்றும், அதைத் தானே கண்டுபிடித்ததாகவும் சொன்னாள். அப்போதுதான் அவள் சிரித்ததைக் கேட்டேன். அவளுக்கும் எனக்கும் வேறு தொடர்பு இருந்ததா என்று கேட்டார்கள். இல்லை.

அவள் பேசும்போது லைனில் 'கடக்' என்று ஒரு சத்தம் வருவதையும், அதன் பிறகு ஒரு டேபிள் ஃபேன் கரகரவென்று ஓடும் சத்தம் கேட்பதையும் கவனித்தேன். ஸ்டுடியோவில் டேபிள் ஃபேன் கிடையாது. கீழே லட்சுமணசாமியின் ஆபீஸ் அறையில் அதே லைனுக்கு இன்னொரு போன் இருந்தது, அங்கே அந்த ஃபேனும் இருந்தது. கதிரேசனின் கிரைண்டர் விளம்பரம் லட்சுமணசாமியின் சேனலில் தினமும் வந்துகொண்டிருந்தது. லட்சுமணசாமி ஒட்டுக்கேட்டார் என்பதற்கு என்னிடம் சாட்சி இல்லை. சந்தேகம்தான்.

அதன் பிறகு ஒரு சனிக்கிழமை நிகழ்ச்சி முடிந்ததும் லட்சுமணசாமி கதிரேசனை மாடிக்குக் கூட்டி வந்தார். நான் வேடத்தில் இருந்தேன். கதிரேசன் என்னைக் கும்பிட்டார். "எம் பொண்டாட்டி போனு பண்ணுனா எடுக்காதீங்க. அவளுக்கு மண்டைக்குச் சொகமில்லீங்க. நீங்களும் நாலு சனத்துக்கு முன்னால பொழைக்கறவங்க, பாத்து இருந்துக்கோணுமுங்க" என்று மரியாதையாகவே சொன்னார். பிறகு கையை நீட்டி என் கொண்டையைத் தொட்டு, மெதுவாக அழுத்திப் பார்த்து, "நெம்ப நல்லா வெச்சிருக்காங்க" என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கினார். லட்சுமணசாமி என் முகத்தைப் பார்க்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை அவளிடமிருந்து போன் வரவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமை நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு போன் வந்தது. நான் பேசியும் பதில் இல்லை. மூச்சுச் சத்தம்கூட இல்லை. லைனை வெட்டப் போனபோது 'டக்' என்று கொக்கியைத் தட்டும் சத்தம் கேட்டது. ரிசீவரில் பேசும் பக்கத்து மூடியைத் திருகி உள்ளே இருப்பதை எடுத்துவிட்டால், அந்தப் பக்கம் இருப்பவர் நம் பேச்சைக் கேட்கலாம், அவர் பேச்சு நமக்குக் கேட்காது. கதிரேசன் அப்படித்தான் செய்திருக்கிறார் என்று எனக்குத் தோன்றியது. டி.வி.யில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, பங்காரம்மாவின் குரலிலேயே, "பேச முடியலீங்களா கண்ணு? ஆமான்னா ஒருக்காத் தட்டுங்க" என்றேன். ஒரு தட்டு வந்தது. "ஊட்டுல கூட ஆராச்சும் இருக்காங்களா?" என்றேன். சத்தமில்லை. "வெளியில பூட்டியிருக்குதுங்களா?" என்றேன். தட்டு வந்தது. "அப்ப நா வரட்டுமுங்களா?" என்று கேட்டேன். அதற்கு நிற்காமல் தட்டிக்கொண்டே இருந்தாள். லைன் அறுந்த பிறகும் என் காதில் அந்தச் சத்தம் இருந்தது.

லட்சுமணசாமி ஓடி வந்து நிகழ்ச்சியை நிறுத்திப் பாட்டுப் போட்டார். "அங்கப்பா, இப்ப நீ படியெறங்குனீன்னா பங்காரம்மா செத்தா" என்றார். நான் வேடத்தைக் கலைக்காமலே இறங்கி ஆட்டோ பிடித்தேன். போலீசுக்கு ஏன் போகவில்லை என்று கேட்டார்கள். சேலையோடு ஸ்டேஷனுக்குப் போனால் முதலில் என்னைத்தான் விசாரிப்பார்கள் என்று நினைத்தேன்.

அவள் வீதியையும் வீட்டு அடையாளத்தையும் முன்பே சொல்லியிருந்தாள். நான் போனபோது நல்ல வெயில். அந்த வீதிப் பெண்கள் நிகழ்ச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள், டி.வி.யை அணைக்காமலே வாசலுக்கு வந்துவிட்டார்கள். "பங்காரம்மா வந்துட்டாங்கடி" என்று கூப்பிட்டுக்கொண்டு கூட்டம் சேர்ந்தது. பூட்டிய வீட்டின் முன்னால் நின்று, கதிரேசனின் தாயாரைப் பார்த்து, "ஏனுங்க அம்மணி, தாகமா இருக்குதுங்க. இந்த ஊட்டுல ஒரு சொம்புத் தண்ணி குடிச்சுப்போட்டுப் போலாம்னு வந்தனுங்க" என்றேன். அவர், "அந்த ஊட்டுல ஆருமில்லீங்க, இங்க வாங்க, மோர் தாரேன்" என்றார். அப்போது உள்ளேயிருந்து கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. எதிர்வீட்டு மாரியாத்தாள் என்ற பெண், "ஆருமில்லைன்னா தட்டறது ஆருங்க அத்தை?" என்று கேட்டார். நான் கதவைத் தொடவில்லை, சாவியைப் பிடுங்கவில்லை. கதிரேசனின் தாயார் எல்லோர் முகத்தையும் பார்த்தார். அதன் பிறகு அவரே இடுப்பிலிருந்து சாவியை எடுத்துத் திறந்தார்.

சண்முகப்ரியா வெளியே வந்தாள். வெளிச்சத்துக்குக் கண் கூசி, கையால் மறைத்துக்கொண்டு நின்றாள். முதலில் என் காலைப் பார்த்து, "செருப்பில்லாம வந்துட்டீங்களா அக்கா?" என்றாள். அப்போதுதான் எனக்குக் கால் சுடுவது தெரிந்தது. வீதியில் உள்ள எல்லோருக்கும் கேட்கும்படி, "கண்ணு, உன்னைய ஆராச்சும் கூட்டிட்டுப் போறாங்களா, நீயாத்தான் வாரியா?" என்று கேட்டேன். "நானாத்தானுங்க வாரேன்" என்று அவளும் சத்தமாகச் சொன்னாள். நகைகளை எடுத்துக்கொண்டு போனதாகக் கதிரேசன் கொடுத்த புகாரில் உள்ளது. அவள் கையில் ஒன்றும் கொண்டுவரவில்லை. மாரியாத்தாள் தன் வீட்டுக்குள் போய் ஒரு மாற்றுச் சேலையை எடுத்து வந்து அவளிடம் கொடுத்தார். அதன் பிறகு அவள் ஆட்டோவில் ஏறினாள். நான் கூடப் போனேன்.

உக்கடத்தில் ரசாக் கடைக்குப் போய் நான் வேடத்தைக் கலைத்தேன். ஜன்னத் அவளுக்குச் சோறு போட்டார். சாப்பிடும்போது கடைக் கதவைச் சாத்தப் போன ரசாக்கைத் தடுத்து, திறந்தே இருக்கட்டும் என்று கேட்டுக்கொண்டாள். அதன் பிறகு உக்கடம் பஸ் ஸ்டாண்டுக்குப் போய் ஒரு பஸ்ஸில் ஏறினாள். எந்த ஊர் பஸ் என்று இன்ஸ்பெக்டர் அவர்கள் கேட்டார். எனக்குத் தெரியும், ஆனால் சொல்ல மாட்டேன். தானாகவே கோர்ட்டுக்கு வந்து சொல்வதாக அவள் சொல்லியிருக்கிறாள். ரசாக்கும் ஜன்னத்தும் சோறு போட்டதைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை. அவர்களை இதில் சேர்த்து விசாரிப்பது வேறு எதற்காகவோ என்று எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.

பெண் வேடத்தில் வந்த ஆண் ஒருவன் தன் மனைவியைக் கடத்திவிட்டான் என்று கதிரேசன் புகார் கொடுத்ததன் பேரில் போலீசார் சந்தேகத்தில் என்னை அழைத்துப் போனார்கள். லட்சுமணசாமி தன் வாக்குமூலத்தில், பங்காரம்மா வெளியூர்ப் பெண் என்றும், அவள் விலாசம் தெரியாது என்றும், அன்றைய கேசட் அழிந்துவிட்டது என்றும் சொல்லியிருப்பதாக அறிகிறேன். ஸ்டேஷன் வாசலில் என்னிடம், "வாயத் தொறக்காத. ரண்டு மாசம் போச்சுன்னா மறுபடியும் ஆரம்பிச்சரலாம்" என்று மட்டும் சொன்னார்.

அதன் பிறகு அந்த வீதிப் பெண்களை அழைத்து வந்து, சட்டை வேட்டியில் நின்ற என்னை அடையாளம் காட்டச் சொன்னார்கள். மாரியாத்தாள் என் கிட்டே வந்து நெடுநேரம் பார்த்தார். என் காலில் வெயில் சுட்ட கொப்புளத்தையும் பார்த்தார். "இந்த ஆளை நான் பாத்ததே இல்லீங்க. வந்தது பங்காரம்மாங்க" என்றார். மற்றப் பெண்களும் அப்படியே சொன்னார்கள். அவர்கள் என்னைக் காப்பாற்றத்தான் சொன்னார்கள் என்று நம்புகிறேன். வீட்டுக்குப் போகலாம் என்றுகூட ஒரு ஏட்டு சொன்னார்.

ஆனால் வந்தது நான் இல்லை என்றால், சண்முகப்ரியா யாரோ அடையாளம் தெரியாத ஓர் ஆணோடு போய்விட்டாள் என்று எழுதுவார்கள். கதிரேசன் அதைத்தான் ஊரில் சொல்லி வருகிறார். அவள் திரும்பி வந்து நடந்ததைச் சொன்னாலும் அவள் பேச்சு எடுபடாது. ஆகவே நானாகக் கேட்டுக்கொண்டு நடுவர் அவர்கள் முன்பு வந்து, பங்காரம்மாவாக வந்தது அங்கப்பனாகிய நான்தான் என்று சொல்கிறேன். இது கோர்ட்டில் வாசிக்கப்பட்டால் எல்லோருக்கும் தெரிந்துவிடும் என்பதும், அதன் பிறகு அந்த வேடத்தை நான் கட்ட முடியாது என்பதும் எனக்குத் தெரியும். கைக்குழந்தையை இனி எந்த வீட்டிலும் யாரும் என் மடியில் கொடுக்க மாட்டார்கள்.

இதைச் சொல்லும்படி யாரும் என்னை மிரட்டவில்லை, ஆசை காட்டவும் இல்லை. எழுதியதை எழுத்தர் எனக்கு முழுவதும் படித்துக் காட்டினார். ஓர் இடத்தில் மட்டும் தவறு இருந்தது. ஆட்டோவில் "நான் அவளைக் கொண்டு போனேன்" என்று எழுதியிருந்தார். அதை அடித்து, "நான் கூடப் போனேன்" என்று மாற்றச் சொன்னேன். மாற்றினார். இப்போது இதில் உள்ளதெல்லாம் நடந்தது நடந்தபடியே இருக்கிறது என்று ஒப்புக்கொண்டு, திருத்திய இடத்திலும் கீழேயும் கையெழுத்துப் போடுகிறேன்.

(ஒப்பம்)
மா. அங்கப்பன்