ரெண்டு டம்ளர் பால்

“வீட்டுப் பத்திரத்துல ரெண்டு கையெழுத்தும் நானே போட்டேன்க்கா. அவருதையும் சேத்து.”

தானா ராத்தாவிலிருந்து கோலா தெர்லா போகும் மலைப்பாதை பஸ், கியா பார்ம் பக்கம் வாகன நெரிசலில் நின்றுவிட்டது. எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். சொன்னவள் இளையவள்; புதுச் சாவியை விரலில் மாட்டிச் சுற்றிக்கொண்டிருந்தாள். மற்றவள், எஸ்டேட் லயத்து வரிசை வீடுகளில் அவளுக்குப் பக்கத்து வீட்டுக்காரி என்பது பேச்சில் தெரிந்தது.

“புருஷன் ஆஸ்திரேலியாவுல இருக்காரே, அது எப்படிலா செல்லும்?”

“செல்லும்க்கா. தனக்குப் பதிலா என்னையே போடச் சொல்லி அங்கேருந்து பவர் எழுதி அனுப்பிட்டாரு. லாயரு ரெண்டு இடத்தையும் காட்டுனாரு, போட்டேன். சாவி நேத்துதான் கைக்கு வந்துச்சு.”

“பால் காய்ச்சிட்டியா?”

“காலைல காய்ச்சுனேன். அவரு போன்ல பாத்துக்கிட்டே இருந்தாரு. பால் மேல வந்துச்சு, பழக்கத்துல டக்குனு அடுப்ப அணைச்சிட்டேன்.”

“அடியே! பொங்கி வழியணும்டி!”

“அவரும் அதையேதான் சொல்லிக் கத்துனாரு. அப்புறம் சிரிச்சாரு. வேலைக்கு நேரமாச்சுன்னு வச்சிட்டாரு.”

பஸ் மெல்ல நகர்ந்தது.

“என்னையாவது கூப்பிட்டிருக்கலாம்ல?”

“அவரு வந்ததும் எல்லாரையும் ஒண்ணாக் கூப்பிடலாம்னு இருந்துட்டேன்க்கா.”

“வழியாத பால என்னடி பண்ணே?”

“ரெண்டு டம்ளர்ல ஊத்துனேன். அவருக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு.” சாவியைப் பைக்குள் போட்டாள். “கொஞ்ச நேரம் பாத்தேன். ஆடை கட்டிருச்சு. அவருதையும் நானே குடிச்சேன்.”